சினை நிற்காத பசுவும் நிழலில்லாத தொழுவமும்

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு என்பதைத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டிருக்கிறார். மலாயாவுக்குத் தோட்ட வேலைக்கென வந்த தமிழருக்கு இந்தச் சொல்லாராய்ச்சி தெரிந்திருக்க வழியில்லை. எனினும் சொல்லின் பொருளை அவர்கள் நடைமுறையில் நன்கறிந்திருந்தனர். மாதச் சம்பளம் கடைக்கணக்கிலும் முன்பணத்திலும் கரைந்துபோக, குடும்பத்தின் கையில் காசாக நின்றது லயத்துக்குப் பின்னால் கட்டிக் கிடந்த கறவை மாடு தந்த பால்தான். பெண்ணின் திருமணத்துக்கும் பையனின் இடைநிலைப் பள்ளிச் செலவுக்கும் ஒரு கிடேரி விலைபோன வரலாறு இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது.

அந்தச் செல்வம் பெருகுவதற்கு ஒரே வழி, பசு ஆண்டுக்கு ஒருமுறை கன்று ஈனுவதாகும். கன்று இல்லையேல் பால் இல்லை. இதிலுள்ள கணக்கு எளியது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஓராண்டுக்கு 365 நாள். ஆகவே ஈன்ற பசு மறுபடியும் 85 நாளுக்குள் சினைப்பட்டால்தான் ஆண்டுக்கொரு கன்று என்னும் கணக்கு நிற்கும். பசுவுக்குச் சினைப் பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஒரு பருவம் தவறினால் 21 நாள் போயிற்று. மூன்று பருவம் தவறினால் 63 நாள் போயிற்று. அந்த நாள்களுக்கெல்லாம் புல்லும் புண்ணாக்கும் தண்ணீரும் கொடுத்தாக வேண்டும்; வரவோ குறைந்துகொண்டே செல்லும்.

மூன்று நான்கு முறை காளை சேர்த்தும், கருவூட்டுபவர் வந்து சென்றும் பயனில்லாதபோது, "இது மலட்டு மாடு" என்ற தீர்ப்பு பிறந்துவிடுகிறது. இத்தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மாட்டு வியாபாரி லாரியோடு வந்து நிற்பான். அவ்வாறு இறைச்சிக்கு விற்கப்படும் பசுக்களுள் உண்மையான மலடு எத்தனை, வெயில் மலடாக்கியவை எத்தனை என்பதை எண்ணிப் பார்ப்போர் இல்லை. வெயில் மலடாக்கியவையாயின், அவற்றுட் பல திருத்தக் கூடியவை. இங்கு ஆராயத்தக்கது இதுவே.

குளிர்காலம் இல்லாத ஊர்

மலாக்கா மாநிலத்தின் தென்கோடியில், ஜாசின் மாவட்டத்தில், காசாங் ஆற்றைக் கடந்தால் ஜொகூர் என்று சொல்லத்தக்க தொலைவில் இருக்கிறது சுங்கை ரம்பாய். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில், மலாக்கா நீரிணையை ஒட்டிய தாழ்நிலம். அங்கும், அண்டையிலுள்ள மெர்லிமாவ் வட்டாரத்துத் தோட்டங்களிலும் பகல் வெப்பம் 31, 32 பாகை செல்சியஸுக்கு ஏறும். இரவில் 23, 24 பாகைக்கு இறங்கும். ஆண்டின் எந்தத் திங்களிலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. எல் நினோ ஆண்டுகளில் சற்று ஏறும். 2016 ஏப்ரல் திங்களில் வட மாநிலங்களான பெர்லிசிலும் கெடாவிலும் வெப்பம் தாங்காமல் பள்ளிக்கூடங்களையே மூட நேர்ந்தது. பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்தது. தொழுவத்து மாடுகளுக்கு அது கிடைக்கவில்லை.

32 பாகை என்பது பெரிய வெப்பமா என்று ஐயுறலாம். தமிழ்நாட்டில் வேலூரிலும் திருச்சியிலும் கோடையில் 40 பாகை சாதாரணம். அங்கு வாழும் மாடு இங்கு வாடுவானேன்? விடை காற்றின் ஈரத்தில் இருக்கிறது. மாடு தன் உடற்சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் வியர்வையாலும் மூச்சாலும். வியர்வை ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துச் செல்லும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே தங்கிவிடும். மழைநாளில் லயத்துக் கொடியில் போட்ட துணி உலராதது போலத்தான் இதுவும்.

வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கூறும் முறையை 1959-இல் அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த தாம் என்பவர் மனிதரின் வசதிக்கென வகுத்தார். பின்னர் கால்நடை ஆராய்ச்சியாளர் அதை மாட்டுக்கு எடுத்துக்கொண்டனர். அதை வெப்ப ஈரக் குறியெண் எனலாம். கணக்கிடுவதும் கடினமன்று. இரண்டு வெப்பமானிகள் வேண்டும். ஒன்று உலர்ந்தது, மற்றொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும். இரண்டும் காட்டும் பாகைகளைக் கூட்டி, 0.72 ஆல் பெருக்கி, 40.6 சேர்த்தால் குறியெண் கிடைக்கும். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியலும் தசமப் பெருக்கலும் ஒருங்கே கற்பிக்க இதைவிட நல்ல பயிற்சி வாய்ப்பது அரிது.

உலர்ந்த வெப்பமானி 30, ஈரமானது 27 காட்டும் ஒரு பிற்பகலை எடுத்துக்கொள்வோம். கூட்டினால் 57, 0.72 ஆல் பெருக்கினால் 41.04, குறியெண் ஏறத்தாழ 82. ஐரோப்பிய இனக் கறவை மாடு 72-ஐத் தாண்டியதும் வருந்தத் தொடங்குகிறது என்பது நெடுநாளைய கணிப்பு. மிகுதியாகப் பால் தரும் மாடு 68-லேயே வருந்தத் தொடங்குவதாக அண்மைக் கால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பிற்பகல் 82 என்பதில் வியப்பில்லை. வியப்பு விடியற்காலையில் இருக்கிறது. ஒன்று 24-உம் மற்றொன்று 23-உம் காட்டும் அந்தக் குளிர்ந்த வேளையிலும் குறியெண் 74-க்கு மேலேயே நிற்கிறது! தோட்டத்து மக்கள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் நேரம் அது. அந்நேரத்திலும் அயலினப் பசுவுக்கு முழு ஓய்வு இல்லை.

புளோரிடாவிலும் இஸ்ரவேலிலும் கோடையில் சினை பிடிப்பது குறைகிறது, குளிர்காலத்தில் கூடுகிறது. அங்குள்ள பண்ணைக்காரர் இரண்டையும் ஒப்பிட்டு, குற்றம் வெயிலினுடையது என்று கண்டுகொள்கிறார். சுங்கை ரம்பாயில் ஒப்பிடுவதற்குக் குளிர்காலமே இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே அளவாக நேரும் இழப்பை யாரும் இழப்பாகக் கருதுவதில்லை. அதுவே இயற்கை என்றும், மாட்டின் தலையெழுத்து என்றும் கொள்ளப்படுகிறது. இந்த நாட்டில் இப்பிரச்சினை மறைந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

வெப்பம் கருவை எங்ஙனம் தாக்குகிறது?

நன்னூலார் முதல் மாணாக்கருக்கு அன்னத்தையும் ஆவையும் உவமையாக்கினார். கண்ட புல்லை வயிறார மேய்ந்து, பின்பு ஓரிடத்தில் அமர்ந்து, மேய்ந்ததை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடுவது ஆவின் இயல்பு என்பதை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் விளக்குகின்றனர். அசைபோடும் அந்த வயிறு ஓர் அடுப்பு என்பதையும் உடன் விளக்கலாம். நார்ப்பொருள் நொதித்துச் செரிக்கும்போது பெருஞ்சூடு பிறக்கிறது. குளிர்நாட்டில் அச்சூடு மாட்டுக்குப் போர்வை. வெப்ப நாட்டில் அதுவே சுமை. எனவே வெயிலேறிய மாடு தீனியைக் குறைக்கிறது, அசைபோடுவதையும் குறைக்கிறது. தீனி குறைந்தால் உடலில் ஆற்றல் குறையும். ஆற்றல் குறைந்த உடல் முதலில் கைவிடுவது இனப்பெருக்கத்தைத்தான். மேலும், சூட்டை வெளியேற்றக் குருதி தோலை நோக்கி மிகுதியாகப் பாய்வதால் கருப்பைக்குச் செல்லும் குருதி குறைகிறது.

நலமுள்ள பசுவின் உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை. அது 39-ஐத் தாண்டினால் சினைக்குக் கேடு தொடங்குகிறது. 1967-இல் உல்பர்க், பர்ஃபெனிங் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு இங்குக் குறிக்கத்தக்கது. கருவூட்டிய 12 மணி நேரத்துக்குப் பின் பசுவின் உடல்வெப்பம் ஒரே ஒரு பாகை கூடியிருந்தால், சினை பிடிக்கும் அளவு 61 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காட்டுக்கு இறங்கியதாக அவர்கள் கண்டனர். ஒரு பாகை! கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாத வேறுபாடு அது.

கருவின் எந்த நாள் மிக மெலிந்தது என்ற கேள்விக்கு 1993-இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹேன்சன் குழுவினர் விடை கண்டனர். கருவூட்டிய பின் முதல் நாளில் பசு வெப்பத்தால் வருந்தினால் கரு பெரிதும் அழிகிறது. மூன்றாம் நாளிலும் அதற்குப் பிந்திய ஐந்தாம் ஏழாம் நாள்களிலும் அதே வெப்பம் நேர்ந்தால் அத்தகைய அழிவு இல்லை. இரண்டு உயிரணுவாக இருக்கும் கருவுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் வலிமை இன்னும் பிறக்கவில்லை. ஓரிரு நாளில் பிறந்துவிடுகிறது. தோட்டத்து மாட்டுக்காரருக்கு இந்த ஒரு செய்தி பொன்னுக்குச் சமம். ஏனெனில் ஆண்டு முழுவதும் மாட்டைக் குளிர்ச்சியில் வைத்திருக்க அவரால் இயலாது. ஆனால் பருவம் கண்ட நாள், கருவூட்டும் நாள், அவற்றை அடுத்த இரண்டு நாள் ஆகிய இந்த நான்கு நாள் அதைக் காக்க எவராலும் இயலும்.

இனி, கருவூட்டுவதற்கு முன்பே நேரும் கேடு ஒன்று உண்டு. சூலகத்திலுள்ள முட்டை ஒரே நாளில் முதிர்வதன்று. அதை ஏந்திய நுண்குமிழ் வளர்ந்து முதிர 40, 50 நாள் ஆகும். அந்நாள்களில் பட்ட வெப்பம் முட்டையின் தரத்தைக் கெடுத்துவிடும். மார்ச் திங்களின் வறண்ட வெயிலுக்கு மே திங்களில் விலை கொடுக்க நேர்வது இதனாலேயே. மலாக்காவில் மாட்டுப் பொங்கலுக்கு மாலை சூட்டிக் கொண்டாடிய கையோடு வருவன ஆண்டின் மழை குறைந்த வாரங்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பொலிகாளையின் நிலையும் இதுவே. காளையின் விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குமாறு இயற்கை அமைத்திருப்பது அதைச் சில பாகை குளிர்ச்சியாக வைத்திருக்கவே. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 60 நாளும், அது முதிர்ந்து வெளிவர மேலும் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். காய்ச்சலோ கடும் வெயிலோ தாக்கிய காளை நோய் நீங்கிக் கொழுத்துத் திரிந்தாலும், இரண்டு திங்கள் வரை அதை நம்ப முடியாது. ஐந்தாறு பசு வரிசையாகச் சினை நிற்கவில்லையென்றால் பசுக்களைப் பழிப்பதற்கு முன் காளையைப் பார்க்க வேண்டும்.

இரவில் வரும் பருவமும் காலைப் பெரட்டும்

சினை நிற்காமைக்குப் பாதிக் காரணம் கருவில் இல்லை, கண்ணில் இருக்கிறது. பருவத்துக்கு வந்த பசு கத்தும்; தீனியில் மனம் வைக்காது; பிற மாடுகள் தன்மீது ஏறும்போது அசையாமல் நிற்கும்; கண்ணாடி போன்ற சளி தொங்கும். வெயிலில் வருந்தும் மாடு இவற்றையெல்லாம் சுருக்கிக்கொள்கிறது. ஓடியாடினால் உடல் இன்னும் சூடேறும் என்பது அதற்குத் தெரியும் போலும். பருவத்துக்குரிய சுரப்பு நீரும் அப்போது குறைவு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிரீசியன் பசுக்களை எண்ணிப் பார்த்தபோது, ஒரு பருவத்தில் பிற மாடுகள் ஏறிய முறை குளிர்காலத்தில் சராசரி 8.6, கோடையில் 4.5 தான். திமில் மாடுகளுக்கோ இயல்பாகவே பருவம் குறுகியது. பத்து மணி நேர அளவில் முடிந்துவிடும். பெரும்பாலும் இரவில் வரும்.

இனித் தோட்டத்து வாழ்க்கையை இத்துடன் பொருத்திப் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்குப் பருவம் தொடங்கிய பசு விடியற்காலையில் அதன் உச்சத்தில் நிற்கிறது. அந்நேரத்தில் வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் பெரட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்து பிற்பகலில் அவர்கள் மாட்டைப் பார்க்கும்போது, அது ஒன்றுமறியாததுபோல் செம்பனை நிழலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். 21 நாள் தவறிற்று. அதை யாரும் அறியவும் இல்லை. இதற்கு மருந்து, மாத்திரை வேண்டியதில்லை. படுக்கப் போகுமுன் ஒருமுறையும், பெரட்டுக்குப் போகுமுன் ஒருமுறையும் கைவிளக்கோடு கால்மணி நேரம் நின்று பார்ப்பதே போதும். வீட்டிலிருக்கும் பாட்டியிடமும் பள்ளிப் பிள்ளையிடமும் அடையாளங்களைச் சொல்லி வைத்தால் இன்னும் நன்று. கண்ட நாளை நாள்காட்டியில் குறித்து, 18-ஆம் நாளிலிருந்து விழிப்பாக இருக்க வேண்டும். கட்டுத்தறியிலேயே கிடக்கும் மாட்டுக்குத் துணைமாடு ஏறிக் காட்ட வாய்ப்பில்லை என்பதால் மாலையில் சிறிது நேரம் அவிழ்த்துவிட வேண்டும்.

காலையில் பருவம் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் கருவூட்டுவது என்ற விதி 1940-களின் அமெரிக்க ஆராய்ச்சியில் பிறந்தது. பருவம் குறுகிய நம் மாடுகளுக்கு இவ்விதியில் தாமதம் கூடாது. கண்டவுடன் கால்நடைச் சேவைத் துறையினரை அழைப்பதே முறை. பருவத்தைக் கண்டுபிடிக்கவே முடியாத மாட்டுக்கு, ஊசிமருந்தால் முட்டை வெளிப்படும் நேரத்தை வரையறுத்து, குறித்த நேரத்தில் கருவூட்டும் முறையும் 1990-களிலிருந்து கையாளப்படுகிறது. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

அயல் இரத்தம் எவ்வளவு?

இந்நாட்டில் நெடுங்காலமாகத் தமிழர் வளர்த்தவை இந்தியாவிலிருந்து வந்த திமில் மாடுகளின் வழிவந்தவை. கால்நடைத் துறையின் ஏடுகளில் அவற்றுக்கு 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே பெயர். பால் குறைவு, ஆனால் வெயிலைத் தாங்கும். அகன்ற தளர்ந்த தோல், குட்டை மயிர், மிகுந்த வியர்வைச் சுரப்பிகள், குறைந்த உள்சூடு ஆகியன அவற்றின் சொத்து. அவற்றின் கருவுக்கே வெப்பம் தாங்கும் ஆற்றல் கூடுதல் என்பதைப் பிராமன் இனக் கருவையும் பிரீசியன் கருவையும் கண்ணாடிக் கலத்தில் ஒரே சூட்டில் வைத்து ஒப்பிட்ட சோதனைகள் காட்டியிருக்கின்றன.

1970-களில் அரசாங்கம் பால்வள அபிவிருத்தியை மேற்கொண்டபோது ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சாகிவால், பிரீசியன் கலப்பு மாடுகள் இறக்குமதியாயின. சாகிவால் என்பது பஞ்சாபில் இன்று பாகிஸ்தானுக்குள் இருக்கும் ஊரின் பெயர். அவ்வூர் மாடு கறவையில் திமில் மாடுகளுட் சிறந்தது. இவ்விரு இனங்களையும் கலந்து இந்நாட்டில் உருவாக்கப்பட்ட மாட்டுக்கு 'மாஃப்ரிவால்' என்று பெயரிட்டனர். கேரளத்தில் மாட்டுப்பெட்டியில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு 1963-இல் தொடங்கிய முயற்சி, மலைநாட்டு மாட்டையும் பிரவுன் சுவிஸ் காளையையும் கலந்து 'சுனந்தினி'யைத் தந்ததும் இவ்வகையில் நினைக்கத்தக்கது.

கலப்பு நல்லதே. எந்த அளவில் என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரரின் பால் வாளியைப் பார்த்துப் பொறாமை கொண்டு, பாதி அயல் இரத்தமுள்ள பசுவுக்கு மறுபடியும் பிரீசியன் விந்து, அதன் கன்றுக்கும் பிரீசியன் விந்து என்று ஏற்றிக்கொண்டே போகும் ஆசை பலரிடம் உண்டு. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1987-இல் வெளியிட்ட கன்னிங்ஹாம், சிர்ஸ்டாட் என்போரின் ஆய்வு, வெப்ப நாடுகள் பலவற்றின் கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தது. அயல் இரத்தம் பாதியை எட்டும் வரை பால் ஏறுகிறது. அதற்கு மேல் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. ஈற்றுக்கும் ஈற்றுக்கும் உள்ள இடைவெளி பாதிக் கலப்பிலேயே நன்றாக இருக்கிறது என்று அது காட்டிற்று. முக்கால் பங்கு பிரீசியனாகிவிட்ட பசு, மின்விசிறியும் நீர்க்குழாயும் நிறைந்த பெரும் பண்ணைக்குரியது. அத்தாப்புக் கொட்டகைக்கு அது பொருந்தாத விருந்தாளி.

கொட்டகை, தண்ணீர், காற்று

பால்மரத் தோட்டமாக இருந்த காலத்தில் மாட்டுக்கு நிழல் இலவசமாகக் கிடைத்தது. 1960-களுக்குப் பின் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்கள் பல. முதிர்ந்த செம்பனையும் நல்ல நிழல் தருவதே. மறுநடவு செய்த காட்டில்தான் கன்றுகள் வளர்ந்து மட்டைகள் கவியும் வரை சில ஆண்டுகள் நிழலென்பதே இருக்காது. அத்தகைய இடத்தில் நண்பகலில் மாட்டைக் கட்டிப்போடுவதைவிட அதன் சினைக்குக் கேடு செய்யும் செயல் வேறில்லை.

கொட்டகை என்றவுடன் நான்கு கம்பும் ஒரு தகரமும் என்று பலர் கருதுகின்றனர். தாழ்ந்த தகரக் கூரை பிற்பகலில் தோசைக்கல் போலச் சூடேறி, அடியிலிருக்கும் மாட்டின் முதுகின்மேல் அனலை வீசும். கூரை 12 அடி உயரமாவது இருக்க வேண்டும். முகட்டில் வெப்பக் காற்று வெளியேற இடைவெளி வேண்டும். நெடுக்கு கிழக்கு மேற்காக இருந்தால் உள்ளே வெயில் புகுவது குறையும். தகரத்தை மாற்ற வசதியில்லாதவர் மேலே வெள்ளை பூசலாம்; அடியில் அத்தாப்போ தென்னங்கீற்றோ வேயலாம். உண்மையில் பழைய அத்தாப்புக் கொட்டகை இதில் தகரத்தைவிட மேலானது. அதைக் கைவிட்டதை முன்னேற்றம் என்று எண்ணியது தவறு.

கொசுவுக்கு அஞ்சிக் கொட்டகையின் நான்கு பக்கமும் கோணிச் சாக்கைக் கட்டி, உள்ளே புகைமூட்டம் போடும் வழக்கம் இன்னும் உண்டு. கொசு போகலாம்; காற்றும் போய்விடுகிறது. இரவுதான் மாடு பகற்சூட்டை இறக்கிவைக்கும் நேரம். அந்நேரத்தில் காற்றை அடைப்பது பகல் முழுதும் செய்த பாதுகாப்பை வீணாக்குவதாகும். புகையைக் காற்று வரும் பக்கம் வெளியே போட்டு, பக்கங்களைத் திறந்து வைப்பதே நன்று.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பனிபோல் நீரைத் தூவும் கருவிகள் வறண்ட நாட்டுக்கு ஏற்றவை. அவை காற்றைக் குளிர்விக்கும். மலாக்காவின் ஈரக் காற்றில் அவை ஈரத்தைத்தான் கூட்டும். இங்குச் செய்ய வேண்டியது மாட்டின் தோல் நனையும்படி நன்றாக நனைத்து, பிறகு காற்று வீசச் செய்வது. நனைப்பது மட்டும் போதாது; காற்று மட்டும் போதாது; இரண்டும் மாறி மாறி வேண்டும். இஸ்ரவேல் நாட்டு ஆராய்ச்சியாளர் 1986-இல் கண்ட முறை இது: அரை நிமிடம் நீர், நாலரை நிமிடம் விசிறிக் காற்று. இவ்வாறே அரைமணி நேரம், நாளைக்கு ஐந்து முறை செய்து, கோடையிலும் பசுவின் உடல்வெப்பத்தை 39 பாகைக்குள் நிறுத்தினர். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்போருக்கு ஒரு நீர்க்குழாயும், உயரத்தில் பாதுகாப்பாக மாட்டிய ஒரு மின்விசிறியும் போதும். முன்பு சொன்ன அந்த நான்கு நாளிலாவது காலை பதினொரு மணி, பிற்பகல் இரண்டு மணி, மாலை ஐந்து மணி என மூன்று முறை செய்யலாம். விசிறி இல்லாதவர், காற்றோடும் மர நிழலில் நனைத்துக் கட்டலாம்.

மாடு வருந்துகிறதா என்பதை அறிய வெப்பமானி இல்லாவிட்டாலும் கடிகாரம் போதும். நிழலில் நிற்கும் மாட்டின் விலாப்புறம் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ண வேண்டும். 60-ஐத் தாண்டினால் அது வருந்துகிறது. 80-ஐத் தாண்டி, வாயைத் திறந்து நுரை ஒழுக நின்றால் உடனே நீர் ஊற்ற வேண்டிய நிலை. மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு வாரம் பிற்பகலில் இதை எண்ணச் செய்து வகுப்பில் அட்டவணையாக எழுதவைத்தால், எந்தக் கொட்டகை நல்ல கொட்டகை என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

நன்றாகப் பால் தரும் மாடு நாளொன்றுக்கு 60 முதல் 100 லிட்டர் வரை நீர் குடிக்கும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்பது கொடுமை. தொட்டி நிழலில் இருக்க வேண்டும்; எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். தீனியில் பெரும்பங்கை மாலைக்கும் இரவுக்கும் மாற்றிவிட்டால் செரிமானச் சூடு வெயிலோடு சேராது. முற்றிய நேப்பியர்ப் புல்லைவிட இளம்புல் எளிதில் செரித்துச் சூட்டைக் குறைக்கும். செம்பனைப் புண்ணாக்கோடு உப்பும் தாதுக்கலவையும் சேர்க்க வேண்டும். வியர்வையோடு போனதை ஈடுசெய்ய வேண்டுமல்லவா?

இவ்வளவுக்குப் பின்னும் மூன்று கருவூட்டலில் சினை நிற்காத பசுவை, வியாபாரியிடம் காட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது கடமை. கருப்பை நோயா, தாதுக்குறைவா, சூலகக் கோளாறா என்பதைக் கைச்சோதனையால் அவர் சொல்லக்கூடும். நோய் ஒன்றும் இல்லையெனில், கொட்டகையைத் திருத்தி இரண்டு திங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும். முன்பு வெப்பத்தால் கெட்ட முட்டைகள் கழிந்து புதியவை முதிர அந்தக் காலம் தேவை.

சினை உறுதியானதும் பலர் பசுவை மறந்துவிடுகின்றனர். பால் வற்றியதும் கொட்டகையின் நல்ல இடத்தைக் கறவை மாட்டுக்குக் கொடுத்து, சினைப்பசுவை வெளியே வெயிலில் கட்டிவிடுகின்றனர். இதுவும் நட்டமே. ஈனுவதற்கு முந்திய ஆறு எட்டு வாரங்களில் வெப்பத்தால் வருந்திய பசு எடை குறைந்த கன்றை ஈனுகிறது. அந்த ஈற்றில் பாலும் குறைவாகத் தருகிறது. அதோடு நில்லாமல், அப்போது வயிற்றில் இருந்த கிடேரிக்கன்று இரண்டாண்டு கழித்துத் தானே கறவைக்கு வரும்போது, நிழலில் வளர்ந்த தாயின் கன்றைவிடக் குறைவாகவே பால் தருகிறது என்பதைப் புளோரிடா ஆராய்ச்சியாளர் பல ஆண்டுக் கணக்குகளிலிருந்து கண்டிருக்கின்றனர்.